மெத்தைக் குடோனில் எட்டாவது பாட்டு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் கதையாக எழுத ஆரம்பிக்கவில்லை. ஜெனிட்டா தன் முதல் ஆல்பத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால், அந்தப் பக்கத்தில் போட நாலு வரி அறிமுகம் கேட்டாள்.

"நாலே வரிண்ணா. யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா காலியா வுட்டா அசிங்கமா இருக்கும்."

யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் என் எழுத்து நீண்டுவிடும். அன்று இரவே மூன்று தொடக்கங்கள் எழுதி, மறுநாள் காலை ரயிலில் அவளிடம் காட்டினேன்.

*சுரங்கம் கொட்டிப்போன சயனைடு மேடுகளின் மேல் வெயில் மெல்ல ஏறும்போது —*

"மேடு வேணாண்ணா."

*பூமிக்கு அடியில் இறங்கி உழைத்தவர்களின் வாரிசு ஒருத்தி, இன்று கிட்டாரோடு —*

"சொரங்க ஷாஃப்டும் வேணாம்."

*தங்கம் தீர்ந்த ஊரில் ஒரு தங்கக் குரல் —*

இதைப் படித்துவிட்டுத் தாளை என் மடியில் வைத்தாள். பங்காரப்பேட்டை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றையும் அடித்துவிட்டேன்.

நாலு வரி இன்னும் எழுதவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

2.

எங்கள் ஊர் கே.ஜி.எஃப்., தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊர். ஜெனிட்டாவின் வீடு அதில் சாம்பியன் ரீப்ஸில். நான் ஊரிகம். காலை வண்டி முதலில் அவள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டுத்தான் என் ஸ்டேஷனுக்கு வரும். அதனால் எனக்கும் சேர்த்து அவள் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். எங்கள் நட்பு இப்படி ஒரு பையில் தொடங்கியதுதான். நான் பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

மற்ற நேரங்களில் பாட்டுக் கட்டுவாள். சினிமாவுக்கு இல்லை, சர்ச்சுக்கும் இல்லை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே கிட்டார் வாசித்துப் பாடுகிற வகை. இதற்கு இண்டி பாப் என்று பெயர் என்பதை எனக்கு அவள்தான் சொன்னாள். பல் டாக்டரின் டிரில் மிஷின் ஒரே சுருதியில் கத்துகிறது என்று கண்டுபிடித்து, அதே சுருதியில் 'வாயைத் தொறங்க' என்று ஒரு பாட்டு. ரயிலில் பட்டாணி உரித்துக்கொண்டே வீட்டுச் சண்டை பேசும் பெண்களைப் பற்றி ஒன்று. இப்படி எட்டுப் பாட்டு சேர்ந்துவிட்டது.

(இங்கே அவள் தோற்றத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ஜெனிட்டா அதைப் படித்துவிட்டு, "இன்னாண்ணா, போலீஸ் கம்ப்ளெய்ன்ட்ல காணாமப் போனவங்க அடையாளம் மாதிரி கீது" என்றாள். எடுத்துவிட்டேன். கன்னத்தில் மச்சம் உண்டு என்பதை மட்டும் அவளுக்குத் தெரியாமல் விட்டுவைத்திருக்கிறேன்.)

3.

ஒரு கதைக்கு ஒரு கஷ்டம் வேண்டும். ஜெனிட்டாவின் கஷ்டம் சத்தம்.

அவள் வீடு லைன் வீடு. சுரங்கக் கம்பெனி காலத்தில் வரிசையாகக் கட்டியது, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அவள் மைக்கை வைத்துப் பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு மிக்ஸியும் கூடவே பாடும். ஒருநாள் தன் பாட்டில் ஒரு வரியை மிகுந்த ஏக்கத்தோடு பாடினாள்: "யாராச்சும் இருக்கீங்களா?" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரெபேக்கா ஆன்ட்டியின் குரல் வந்தது:

"இருக்கோம்மா. இன்னா வேணும்?"

பதிவில் அது அவள் குரலைவிடத் தெளிவாக இருந்தது. ஆல்பத்துக்கு 'கொஞ்சம் சும்மா இருங்க' என்று அவள் பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கிருந்தவர் நல்ல மனிதர். காபியெல்லாம் கொடுத்தார். கே.ஜி.எஃப். என்று கேட்டதும் அவர் கண் விரிந்தது. பின்னணியில் சுத்தியல் பாறையை அடிக்கிற சத்தம் வைக்கலாமா என்று கேட்டார்.

"எங்கப்பா ஃபாக்டரில வெல்டர் சார். வீட்ல சுத்தியல் கீது, காலண்டர் மாட்டுறதுக்கு."

"ஊர்னு ஒரு ஃபீல் வேணுமில்லம்மா?"

"என் ஃபீல் பல்லு சார்" என்று சொல்லிவிட்டு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று மாலை வண்டியில் என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் மாலூர் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "எட்டுப் பாட்டும் என் வாயிலயே செத்துப் போயிடும் போலண்ணா" என்றாள்.

4.

கதைக்குள் நான் செய்த ஒரே காரியம் அடுத்து வருகிறது.

அந்த வாரம் ஒரு மெத்தை வாங்க ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். முன்னால் கடை, பின்னால் குடோன். குடோனுக்குள் சுவர் மறைய மெத்தையும், கூரை வரைக்கும் பஞ்சு மூட்டையும். உள்ளே போய் "இது எவ்வளவு கனம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. எதிரொலி இல்லை. வெளியே பஜாரில் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு துளி வரவில்லை.

மறுநாள் ரயிலில் பெருமையாகச் சொன்னேன். "ஜெனிட்டா, உனக்கு ஸ்டுடியோ கிடைச்சாச்சு. மெத்தைக் கடை குடோன்."

அவள் முகம் மாறியது. "எந்த மெத்தைக் கடை?"

"நம்ம சாரதாம்மா கடைதான். பையன்கூட ரொம்ப நல்ல பையன். உதய்னு பேரு."

"தெரியும்" என்றாள். பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "எட்டாவது பாட்டு அவன் மேலதாண்ணா" என்றாள்.

ஜெனிட்டாவும் உதயும் காதலித்தவர்கள். அது ஊரில் யாருக்கும் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான் பிரச்சினையே. அவள் மெத்தடிஸ்ட் குடும்பம், அவன் மாலை போட்டு மலைக்குப் போகிற குடும்பம். ஜெனிட்டா தன் வீட்டில் சொல்லிவிட்டாள். அவள் அப்பா ஒரு வாரம் பேசாமல் இருந்தார், பிறகு பேசினார். உதய் மட்டும் தன் அம்மாவிடம் அடுத்த மாதம் சொல்கிறேன் என்றான். அந்த மாதம் வந்தது. அடுத்த மாதம் என்றான். இப்படியே போய், ஒருநாள் ஜெனிட்டா போதும் என்று சொல்லிவிட்டாள். எட்டாவது பாட்டின் பெயர் 'அடுத்த மாசம்'.

(ஒரு சின்ன விஷயம். அந்தப் பாட்டின் பல்லவியில் 'அடுத்த மாசம், முந்தின திங்களு' என்று வரும். முந்தின என்றால் போன மாதம் அல்லவா, வரி தப்பு என்று நான் திருத்தப் போனேன். "அது கன்னடம்ணா" என்றாள். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு 'அடுத்த' என்று பொருள். தமிழ்க் காதுக்குப் போன மாதம், கன்னடக் காதுக்கு வருகிற மாதம். உதய் சொன்ன மாதம் எது என்று இரண்டு மொழியிலும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டும் வருகிற கிண்டல் இது. நான் திருத்தவில்லை.)

5.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உதயை எப்படி எழுதுவது?

*உதய் ஒரு கோழை —*

முதல் வரைவு இப்படித்தான் இருந்தது. கதைக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் ஜெனிட்டா அடுத்த நாளே கடைக்குப் போய், "எனக்கு ஒங்க குடோன் வேணும், பாட்டு ரெக்கார்ட் பண்ண" என்று கேட்டபோது, அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லையாம். "ஞாயித்துக்கிழமை மதியம் கடை சாத்திடுவோம். வா" என்றிருக்கிறான். அவள் வருவதற்குள் நல்ல மெத்தைகளை நிறுத்தி, நடுவில் ஒரு சின்ன அறை மாதிரியே கட்டி வைத்திருந்தான். மைக் வைக்க ஸ்டூல். குடிக்க வெந்நீர். லேப்டாப்பில் பதிவு செய்வது எப்படி என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான்.

கோழை என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுத முடியாது.

*உதய் ஒரு தியாகி —*

இதுவும் இல்லை. அவன் அப்பா திடீரென்று இறந்தபோது அவன் காலேஜில் இருந்தான். அன்றிலிருந்து சாரதாம்மாதான் கல்லாவில் உட்கார்ந்து கடையை நிலைநிறுத்தினார். அந்த அம்மாவின் முன்னால் நின்றால் அவனுக்கு வாய் வராது. அவ்வளவுதான். அப்படியே எழுதுகிறேன்.

சாரதாம்மா அனுமதி கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பாடுகிற பெண் ஜெனிட்டா என்று கேட்டதும் அவராகவே சர்ச் பாட்டு என்று முடிவு செய்துகொண்டார். "சாமி பாட்டுதான, பாடட்டும்" என்றார். உதய் அதையும் திருத்தவில்லை.

6.

ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகப் போயின. சர்ச் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ஜெனிட்டா கிட்டாரோடு வருவாள். துணைக்கு நானும். உதய் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால். அவர்கள் இரண்டு பேரும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். "ஆரம்பிக்கலாமா?" "ஆரம்பிக்கலாம்." வங்கியில் பேசுகிற மாதிரி.

ஏழு பாட்டு முடிந்தது. மெத்தைகள் குரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குடித்துவிட்டன. அவ்வளவு பக்கத்தில் அவள் குரலை நான் கேட்டதில்லை.

எட்டாவது பாட்டு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. தொண்டை சரியில்லை என்றாள். அப்புறம் கிட்டார் கம்பி மாற்ற வேண்டும் என்றாள். ரயிலில் நான் கேட்டே விட்டேன்:

"இப்ப யாரு தள்ளிப் போடுறது?"

முறைத்தாள். ஆனால் அந்த ஞாயிறு பாடினாள்.

7.

*ஊருக்கே மெத்தை விக்கிற வீடு,*
*உனக்கு எப்படித் தூக்கம் வருது?*

இப்படித்தான் பாட்டு ஆரம்பித்தது. மெட்டு துள்ளலானது, கேட்டால் கால் தாளம் போடும். அதனால் இன்னும் கொடுமை. உதய் முதல் வரியிலேயே புரிந்துகொண்டான். ஆனால் கை பொத்தானை விட்டு நகரவில்லை. ஹெட்போனைக் கழற்றவும் இல்லை. கடைசி வரை கேட்டான். இரண்டாவது சரணம் இப்படி:

*வண்டி வந்துச்சு, நீ வரல,*
*பிளாட்பாரத்துல நாயி மட்டும்.*

பாட்டு முடிந்தது.

உதய் ஹெட்போனைக் கழற்றினான். "பாட்டு நல்லா கீது" என்றான். "ஆனா ரெண்டாவது சரணம் தப்பு."

"இன்னா தப்பு?"

"நான் வந்தேன்."

"எங்க வந்த?"

"ஸ்டேஷனுக்கு. நீ கடைசியா எனக்காக நின்ன அன்னிக்கு. நீ என்ன பாக்காம முன்னாடி பொட்டில ஏறிட்ட. அந்த நாய்க்கு பிஸ்கட் போட்டதே நான்தான்."

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் பஞ்சு மூட்டையைப் பார்த்தேன்.

"வந்தவன் இன்னாத்துக்கு கூப்பிடல?"

"அம்மாகிட்ட இன்னும் சொல்லலன்னு சொல்லணும். அத எப்படிக் கூப்ட்டுச் சொல்றது?" அவன் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தான். "தினம் சொல்லத்தான் போவேன் ஜெனி. கல்லா முன்னாடி போய் நிப்பேன். வாய் வரைக்கும் வரும். அம்மா நிமிந்து பாக்கும். 'ரெண்டு தலகாணி எடுத்துட்டு வரவா'ன்னு கேட்டுட்டு வந்துடுவேன்."

ஜெனிட்டாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. உதடைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாட்டுக்கு அப்படிதான் நல்லா கீது" என்றாள்.

"பொய்யா இருந்தாலுமா?"

அது அவளைக் கேட்ட கேள்வி. ஆனால் கதை எழுதுகிறவன் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேரைப் பிளாட்பாரத்துக்கு வராதவர்களாக நான் எழுதியிருக்கிறேன் என்று —

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். கட்டுரை ஆகிவிடும்.)

ஜெனிட்டா கிட்டாரில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "சரி. திருப்பிப் போடு. மறுபடி எடுக்கலாம்."

8.

இரண்டாவது தடவை அவள் பாடியது இது:

*வண்டி வந்துச்சு, நீயும் வந்த,*
*வாய மட்டும் வீட்ல வெச்சிட்ட.*

உண்மையைப் போட்டதும் பாட்டு கூர்மையாகிவிட்டது. வராதவனைத் திட்டுவது எளிது. வந்து பேசாமல் நின்றவனைத் திட்டத்தான் வரி தேட வேண்டும். உதய் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். அவன் காது சிவந்திருந்தது. நான் ஜெனிட்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் குடோன் கதவு திறந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பாட்டு முடிந்தபோது சாரதாம்மா டீ ஃபிளாஸ்க்கோடு மெத்தைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இது சாமி பாட்டு மாதிரி இல்லியே" என்றார்.

"இல்ல ஆன்ட்டி" என்றாள் ஜெனிட்டா.

"அழகா கீதுமா. மனசே ஒரு மாதிரி ஆயிடுச்சு." ஃபிளாஸ்க்கை ஒரு மூட்டை மேல் வைத்தார். "யாரும்மா அந்தப் பையன்? வாய வீட்ல வெச்சிட்டு வந்தவன்?"

மெத்தை விற்கிற வீடு என்று வருகிற தொடக்க வரிகளை அவர் கேட்கவில்லை. ஜெனிட்டா வாயைத் திறந்தாள். அவள் ஒரு பொய் சொல்லி அவனைக் காப்பாற்றப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. யாரோ ஒருத்தன் ஆன்ட்டி, பெங்களூர்ல, என்று.

"நான்தாம்மா" என்றான் உதய்.

சாரதாம்மா மகனைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த மெத்தையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எவ்ளோ நாளாடா?"

"ரொம்ப நாளாம்மா."

"அப்ப அந்தக் கோலார் பொண்ணு ஜாதகம் வந்தப்ப, தலைவலின்னு சொன்னியே?"

"தலைவலி நெஜம்தாம்மா."

"கல்லா முன்னாடி வந்து நின்னு நின்னு போவியே, அது?"

"அதுவும் இதான்."

"நான் காசு கேக்க வரன்னு நெனச்சேன்டா!" என்றார் சாரதாம்மா. அந்தக் குரலில் இருந்தது கோபமா சிரிப்பா என்று எனக்கு இன்னும் தெரியாது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒங்கப்பா போனப்புறம் நான் கல்லாவுல ஒக்காந்தது ஒனக்காகத்தான். நீயே என்னப் பாத்துப் பயந்தா, நான் யாருக்காக ஒக்காந்திருக்கேன்?"

உதய் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். சாரதாம்மா ஜெனிட்டாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மாதா கோயிலா, சி.எஸ்.ஐ.யா?"

"மெத்தடிஸ்ட் ஆன்ட்டி."

"அது வேறயா?" என்று பெருமூச்சு விட்டார். "சரி. தெரிஞ்சிக்கலாம்." பிறகு கேட்டார்: "இப்ப இவன இன்னா பண்ணலாம்? நீயே சொல்லுமா."

ஜெனிட்டா பதில் சொன்னாள். சாரதாம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். அப்போதுதான் உதய் லேப்டாப்பைப் பார்த்து, "ஐயோ" என்றான். பதிவை அவன் நிறுத்தவே இல்லை. எல்லாம் ஏறியிருந்தது.

9.

எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உதய், "பேரப் போடுங்கண்ணா, இனிமே ஒளிக்கிறதுக்கு இன்னா கீது" என்றான். சாரதாம்மா, "என்ன கொஞ்சம் ஒயரமா எழுதுப்பா" என்றார். (சாரதாம்மா நல்ல உயரம்.)

ஜெனிட்டா மட்டும்தான் ஒரு நிபந்தனை வைத்தாள். அவள் பதிலை நான் எழுதக் கூடாது.

உள்ளதை எழுதக் கூடாது என்றால் கற்பனையாக ஏதாவது எழுதலாம் அல்லவா? மூன்று முடிவுகள் எழுதி ரயிலில் கொடுத்தேன்.

முதல் முடிவில் ஜெனிட்டா தலையைக் குனிந்து, "உங்க இஷ்டம் ஆன்ட்டி" என்கிறாள். ஓரத்தில் ஜெனிட்டா எழுதியது: *சீரியல்.*

இரண்டாவதில், "எனக்கு ரெண்டாவது ஆல்பம் கீது ஆன்ட்டி, கல்யாணத்துக்கெல்லாம் நேரமில்ல" என்று கிட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். அவள் கொடுத்துப் படித்த உதய் ஓரத்தில் எழுதியது: *அண்ணா, ப்ளீஸ்.*

மூன்றாவதில் அவள் சிரித்துக்கொண்டே, "அடுத்த மாசம் சொல்றேன் ஆன்ட்டி" என்கிறாள். இதை எழுதிவிட்டு என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். பாட்டும் கதையும் ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன. ஜெனிட்டா படித்துவிட்டுத் தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"இது சூப்பரா கீதுண்ணா. அதான் வேணாம். மனுஷங்க அந்த நேரத்துல இப்படிப் பேச மாட்டாங்க. நான் பேசல."

அவள் சொல்வது உண்மை. நான் பக்கத்தில் இருந்தேன்.

10.

ஆல்பம் வெளிவந்துவிட்டது. அறிமுகத்தில் நாலு வரி இல்லை. "பாடல்கள், குரல், கிட்டார்: ஜெனிட்டா. இடம்: மெத்தைக் குடோன்" என்று அவளே போட்டுக்கொண்டாள். சாரதாம்மா கடையில் நாள் முழுக்க அதையே ஓட விடுகிறார். எட்டாவது பாட்டு வந்தால் மட்டும் வாடிக்கையாளர்களிடம், "இது எம் பையன் மேல" என்கிறார். ரெபேக்கா ஆன்ட்டி தன் குரல் இல்லை என்று கோபித்துக்கொண்டு, இப்போது சமாதானம் ஆகிவிட்டார். ஜெனிட்டா காலை வண்டியில்தான் வருகிறாள், முன்பு போலவே பல் டாக்டரிடம் வேலை. ஏதோ ஒரு புதுப் பாட்டை முணுமுணுக்கிறாள். என்னவென்று கேட்டால் சொல்வதில்லை.

எட்டாவது பாட்டு எங்கே முடிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன், அது எல்லோரும் கேட்கக்கூடியதுதான். உதய் முழுப் பதிவையும் அவளிடம் கொடுத்து, "எங்க வேணா வெட்டு, எனக்கு ஓகே" என்றான். கிட்டாரின் கடைசிக் கம்பி அடங்கிய இடத்தில் வெட்டியிருக்கலாம். அவள் வெட்டவில்லை. சாரதாம்மா, யாரும்மா அந்தப் பையன் என்று கேட்பது வரும். "நான்தாம்மா" வரும். தலைவலி வரும், கல்லா வரும், மெத்தடிஸ்ட் வரும். ஹெட்போனில் கேட்டால் சாரதாம்மா உட்காரும்போது மெத்தை அமுங்குகிற சத்தம்கூட வரும். அப்புறம் அவர் கேட்பார்: "இப்ப இவன இன்னா பண்ணலாம்? நீயே சொல்லுமா."

அதற்கப்புறம் ஜெனிட்டா மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். அங்கே வெட்டியிருக்கிறாள்.

நானும் அங்கேயே நிறுத்துகிறேன். சாரதாம்மா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள்.